காற்றின்மேற் பயணம் தந்த கால்நடை வைத்தியர்

பிலிமத்தலாவைச் சந்தியிலிருந்து கொழும்புப் பெருந்தெரு மேற்கே கடுகண்ணாவைக் கணவாயை நோக்கிச் செல்கின்றது. கிழக்கே பேராதனையைக் கடந்து கண்டி மாநகரை அடைகின்றது. பித்தளை விளக்குகளும் குத்துவிளக்குகளும் அடுக்கிய கடைகளினூடே செல்லும் இவ்வீதியில் நம் பழைய மாணவருட் பலர் புத்தகக் கட்டுடன் பஸ்ஸுக்குக் காத்து நின்றதுண்டு. அன்று பஸ்ஸின் பின்னாசனத்தில் இடம் கிடைத்தவன் பேராதனைப் பாலம் வரை எத்தனை முறை துள்ளி விழுந்தான் என்பதை இன்றும் மறந்திரான். இன்று அவர்களிற் பலர் சொந்த மோட்டார் வண்டியில் அதே வீதி வழியாக வருகின்றனர். துள்ளல் குறைந்துவிட்டது. வீதி செப்பனிடப்பட்டமை அதற்கு ஒரு காரணம். வண்டியின் கீழ் உருளும் நான்கு டயர்கள் மற்றொரு காரணம். பின்னதைப் பற்றி நாம் எண்ணுவது அரிது.

வீதியை அமைத்தவரை உலகம் மறக்கவில்லை. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸின் காலத்தில், 1820ஆம் ஆண்டளவில், கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு வெட்டும் வேலை தொடங்கிற்று. அவ்வேலையை முன்னின்று நடத்திய பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் உயிர் நீத்தார். அவர் நினைவாகக் கடுகண்ணாவையில் எழுப்பப்பட்ட கோபுரத்தை அவ்வழிச் செல்வோர் இன்றும் காணலாம். 1832இல் குதிரை பூட்டிய தபால் வண்டி இவ்வீதியில் ஓடத் தொடங்கிற்று. அவ்வண்டியின் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையே காப்பு. கல்லின்மேல் இரும்பு, இரும்பின்மேல் மரம், மரத்தின்மேல் மனிதன். வீதியிலுள்ள ஒவ்வொரு கல்லும் பிரயாணியின் முதுகெலும்பிற் போய் முட்டிற்று. அந்தக் கல்லுக்கும் அந்த முதுகெலும்புக்கும் நடுவே ஒரு பிடி காற்றை அடைத்து வைத்தவர் ஒருவர் உளர். அவர் பொறியியலாளர் அல்லர். குதிரைக்கும் மாட்டுக்கும் மருந்து கொடுத்தவர். ஜோன் போய்ட் டன்லொப் என்பது அவர் பெயர். டயரின் பக்கத்திற் பொறித்திருக்கக் கண்டு அப்பெயரை ஒரு கம்பெனியின் பெயர் என்றே நம்மவர் பலர் எண்ணியிருப்பர். அது ஒரு தந்தையின் பெயர் என்பதைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் தொழிலும்

ஸ்கொத்லாந்து நாட்டின் மேற்குப் பகுதியில் எயர்ஷயர் என்னும் மாகாணம் உண்டு. அங்கே டிரெகோர்ன் என்னும் கிராமத்தில், ஓர் உழவர் குடும்பத்தில், 1840ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 5ஆந் திகதி டன்லொப் பிறந்தார். இரண்டு மாதம் முந்திப் பிறந்த குழந்தை என்று வீட்டார் கூறக் கேட்டு வளர்ந்தமையால், தம் உடல்நிலை நொய்தானது என்ற எண்ணம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது. கடும் உழைப்பைத் தவிர்த்தும், உணவிலும் ஓய்விலும் அளவு பேணியும் வாழ்ந்தார். வியப்பென்னவெனில், அவ்வாறு அஞ்சியவர் பெரிய நோயெதுவும் இன்றி எண்பத்தொரு வயது வரை வாழ்ந்தார் என்பதே. ஆயினும் அந்த அச்சம் வீண்போகவில்லை என்று கூறலாம். தன் உடலின் நோவைக் கூர்ந்து கவனித்தவனுக்கே பிறர் உடலின் நோவும் எளிதிற் புலப்படும்.

எடின்பரோ நகரிலே கால்நடை வைத்தியம் பயின்று பத்தொன்பதாம் வயதிலேயே தேர்ச்சி பெற்றார். சில ஆண்டுகள் ஸ்கொத்லாந்திலேயே தொழில் நடத்திய பின்னர், 1867இல் கடல் கடந்து அயர்லாந்துக்குச் சென்றார். காலப்போக்கிற் பெல்பாஸ்ற் நகரில் அவர் நிறுவிய வைத்தியசாலை அந்நாட்டின் பெரிய கால்நடை வைத்தியசாலைகளுள் ஒன்றாகப் பெயர் பெற்றது. 1871இல் மாகிரற் ஸ்ரீவன்சன் என்னும் மங்கையை மணந்தார். ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர்.

அக்காலப் பெல்பாஸ்ற் ஒரு துறைமுக நகரம். கப்பல் கட்டுதலும் சணல்நூல் நெசவும் சிறந்து விளங்கின. பாரமேற்றிய குதிரை வண்டிகள் இடைவிடாது செல்லும் பொருட்டு வீதிகளிற் கருங்கற் சதுரங்களைப் பதித்திருந்தனர். குதிரையின் காலுக்கும் வண்டியின் பாரத்துக்கும் அக்கற்கள் ஏற்றன. சிறு வண்டியில் ஏறிச் செல்வோர்க்கோ அவை தண்டனையாயின. நாள்தோறும் அவ்வீதிகளிற் சென்று குதிரைகளின் கால்களைப் பார்த்து வந்த வைத்தியர், அடியிலிருந்து ஏறிவரும் அதிர்ச்சி உயிருள்ள உடலை என்ன செய்யும் என்பதை நன்கு அறிந்திருந்தார்.

மகனின் முச்சக்கரவண்டி

1887ஆம் ஆண்டிலே டன்லொப்புக்கு நாற்பத்தேழு வயது. மகனோ பத்து வயதை அண்டிய சிறுவன். அவனிடம் ஒரு முச்சக்கரவண்டி இருந்தது. கருங்கல் வீதியில் அதனை ஓட்டும்போது உடல் குலுங்குவதாகவும், வேகமாய்ச் செல்ல முடியவில்லை என்றும் அவன் முறையிட்டான். இத்தகைய முறைப்பாட்டைக் கேட்டு, பெரியவனானதும் பழகிவிடும் என்று சொல்லித் தம் வேலையைப் பார்க்கும் தந்தையரே உலகில் அதிகம். டன்லொப் அவ்வாறு செய்யவில்லை. வைத்தியசாலையின் பின்முற்றத்திற் சென்று சிந்திக்கத் தொடங்கினார்.

அக்காலத்துத் துவிச்சக்கரவண்டிகளின் சக்கரங்களுக்குத் திண்ணிய இறப்பர்ப் பட்டி இடுவது வழக்கம். அது சத்தத்தைக் குறைத்ததேயன்றி அதிர்ச்சியைப் பெரிதுங் குறைக்கவில்லை. இறப்பரைத் தடிப்பாக்கினால் பாரம் கூடும்; மெல்லியதாக்கினால் பயன் குறையும். இந்த இக்கட்டிலிருந்து மீளும் வழியாக, இறப்பருக்குப் பதில் காற்றையே பாரந் தாங்கச் செய்தால் என்ன என்பதே டன்லொப்புக்கு உதித்த எண்ணம். மெல்லிய இறப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டினார். ஒரு பெரிய மரவட்டின் விளிம்பைச் சுற்றி அதனை வைத்து, மேலே துணியாற் போர்த்து ஆணியறைந்து, உட்குழாயிற் காற்றை ஊதி அடைத்தார்.

பின்பு ஒரு சோதனை நடந்தது. முச்சக்கரவண்டியின் சக்கரமொன்றை முற்றத்தில் உருட்டிவிட்டார். அது சிறிது தூரம் ஓடி விழுந்தது. காற்றடைத்த வட்டை அதேயளவு விசையோடு உருட்டினார். அது முற்றம் முழுவதையும் கடந்து மறுகோடியிலுள்ள வாயிற்றூணில் மோதித் திரும்பிற்று. மகனுக்குச் சொகுசு தேடியவர் அக்கணத்தில் வேறொரு உண்மையையும் கண்டார். கல்லின்மேல் ஏறி விழும் சக்கரம் ஒவ்வொரு துள்ளலிலும் தன் விசையை இழக்கின்றது. கல்லை உள்வாங்கிக்கொண்டு உருளும் சக்கரமோ அவ்விசையைப் பெரும்பாலும் இழப்பதில்லை. ஆகவே உடலுக்கு இதமான சக்கரமே ஓட்டத்துக்கும் சிறந்த சக்கரம். இதம் வேறு, வலிமை வேறு என்று அதுவரை உலகம் எண்ணியிருந்தது.

1888ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஓரிரவு, பின்சக்கரங்களுக்குக் காற்று டயர் பூட்டிய முச்சக்கரவண்டியை மகன் வெளியே ஓட்டிச் சென்றான். வீதிகள் வெறிச்சோடிய வேளையாதலின் இடையூறில்லை. அவன் மகிழ்ச்சியுடன் திரும்பி வந்தான். தந்தை டயரைத் தடவிப் பார்த்தார். கல்லுரசிய காயம் காணப்படவில்லை. அவ்வாண்டு டிசெம்பர் மாதம் 7ஆந் திகதி அவருடைய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது.

நகைப்பும் வெற்றியும்

காற்று டயர் பூட்டிய துவிச்சக்கரவண்டியை முதலிற் கண்டோர் நகைத்தனர். பருத்த அந்தச் சக்கரம் அவர்கள் கண்ணுக்கு அவலட்சணமாகத் தோன்றிற்று. 1889 மே மாதம் 18ஆந் திகதி பெல்பாஸ்ற் குயீன்ஸ் கல்லூரி மைதானத்தில் நடந்த பந்தயங்களில் வில்லியம் ஹியூம் என்னும் ஓட்டக்காரர் இந்த டயரோடு கலந்துகொண்டார். அவர் அந்நாளிற் பெரும் புகழ் பெற்றவர் அல்லர். ஆயினும் கலந்துகொண்ட பந்தயம் அனைத்திலும் அவரே வென்றார். நகைத்தோர் வாயடைத்தனர். அவரிடம் தோற்றவருள் டூ குரோஸ் என்னும் வர்த்தகரின் புதல்வரும் இருந்தனர். புதல்வரின் தோல்வியைக் கண்ட தந்தை அவ்வெற்றியின் காரணத்தை ஆராய்ந்தார். அவ்வாண்டே டப்ளின் நகரில் ஒரு கம்பெனி தோன்றிற்று. டன்லொப் தம் காப்புரிமையை அதற்கு ஒப்படைத்துப் பங்குகள் பெற்றார்.

இந்நிலையில் ஓர் இடி விழுந்தது. காற்று டயர் டன்லொப்பின் சிந்தையில் முதன்முதல் உதித்ததன்று என்பது தெரியவந்தது. ஸ்கொத்லாந்தின் கிழக்குக் கரையில் 1822இற் பிறந்த றொபேட் வில்லியம் தொம்சன் என்பவர், 1845ஆம் ஆண்டிலேயே, இருபத்துமூன்றாம் வயதில், காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இறப்பர் தோய்ந்த துணிக்குழாயைத் தோலினாற் போர்த்துக் குதிரை வண்டிச் சக்கரத்திற் பூட்டி லண்டனில் ஓட்டியுங் காட்டினார். அன்று துவிச்சக்கரவண்டியும் இல்லை. மோட்டார் வண்டியும் இல்லை. விலையோ அதிகம். எனவே உலகம் அதனை மறந்தது. தொம்சன் 1873இல் இறந்தார். அவருடைய முயற்சியை டன்லொப் அறிந்திலர். இருவரும் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டனர். ஆயினும் சட்டம் சட்டமே. டன்லொப்பின் அடிப்படைக் காப்புரிமை செல்லாதாயிற்று.

கம்பெனி வீழ்ந்துவிடவில்லை. டயரைச் சக்கர விளிம்பிலே கழற்றிப் பூட்டத்தக்கதாக வெல்ச், பாட்லெற் என்பவர்கள் 1890இற் கண்ட முறைகளுக்கான உரிமைகளை வாங்கி அது நிலைத்தது. அந்த முறைகள் இல்லையேல், ஓட்டை விழுந்த ஒவ்வொரு முறையும் ஒட்டிய துணியைப் பிரித்துக் கட்டவேண்டி வந்திருக்கும். 1895இல் பிரான்சில் மிஷெலின் சகோதரர் காற்று டயர் பூட்டிய மோட்டார் வண்டியைப் பாரிஸ் நகரிலிருந்து போர்தோ சென்று மீளும் பந்தயத்தில் ஓட்டினர். அது பலமுறை ஓட்டை விழுந்து பின்தங்கினும், இனி மோட்டார் வண்டிக்கும் காற்றே துணை என்பதை நிறுவிற்று.

டன்லொப்போ கம்பெனி விவகாரங்களில் மனம் ஒட்டாதவராய் 1895ஆம் ஆண்டளவில் அதிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டில் அக்கம்பெனி முப்பது இலட்சம் பவுணுக்குக் கைமாறிற்று. அப்பெருஞ் செல்வத்தில் அவர் கண்டது சொற்பமே. பிற்காலத்திற் டப்ளின் நகரில் ஒரு புடைவை வாணிபத்திற் பங்குகொண்டு அமைதியாக வாழ்ந்தார். அவருடைய உருவத்தை அலங்கார உடையுடன் விளம்பரங்களில் வரைந்தமை எளிய உடை விரும்பிய அவருக்கு மனத்தாங்கலை உண்டாக்கிற்று. 1921 ஒக்ரோபர் 23ஆந் திகதி, சிறிது தடிமன் கண்ட சில நாளில், அவர் காலமானார். பெயர் உலகெங்கும் உருண்டது. பெயருடையவர் ஆரவாரமின்றி மறைந்தார்.

பேராதனைக்கு உள்ள பங்கு

இவ்வரலாற்றில் நம் ஊருக்கும் ஓர் இடம் உண்டு. டன்லொப் அயர்லாந்திற் குதிரைகளுக்கு வைத்தியம் செய்துகொண்டிருந்த 1876ஆம் ஆண்டிலே, ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 இறப்பர் விதைகளை லண்டனிலுள்ள கியூ பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றிற் சிறு பகுதியே முளைத்தது. முளைத்தவற்றுள் 1,919 கன்றுகள், 38 கண்ணாடிப் பெட்டிகளில், அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் அவற்றைப் பெற்றார். கன்றுகளுக்கு வெப்பமான தாழ்நிலம் வேண்டியிருந்தமையால் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடுவித்தார். பிலிமத்தலாவையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்திலுள்ள பூங்கா அலுவலகத்தின் மேற்பார்வையிலேயே இலங்கை இறப்பரின் வரலாறு தொடங்கிற்று.

நட்ட மரங்கள் வளர்ந்தனவாயினும் தோட்டத்துரைமார் முதலில் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. கோப்பி அழிந்தபின் அவர்கள் கண் தேயிலையையே நாடிற்று. இறப்பரை வாங்குவார் யார் என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடை பெல்பாஸ்ற் முற்றத்தில் உருண்ட மரவட்டு. துவிச்சக்கரவண்டியும் பின்னர் மோட்டார் வண்டியும் பெருகப் பெருக, கேகாலை, களுத்துறை, இரத்தினபுரிப் பகுதிகளிற் காடுகள் அழிந்து இறப்பர்த் தோட்டங்கள் தோன்றின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் அத்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்வெட்டச் சென்றனர். குளிர்ந்த காலை வேளையிலேதான் மரத்திற் பால் நன்றாகச் சுரக்கும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். சாய்வாகக் கீறிய பட்டையின் வழியே துளித்துளியாகச் சிரட்டையில் வடிந்த பாலை வாளியிற் சேர்த்து, அமிலமிட்டு உறையவைத்து, தகடாக்கிப் புகையூட்டி அனுப்பினர். உலகம் குலுங்காமற் செல்வதற்காகக் குலுங்கும் லயத்துக் கூரையின் கீழ் வாழ்ந்தவர் எத்தனை பேர்! டன்லொப்பைப் போற்றும் இடத்தில் அவர்களையும் நினைத்தல் நம் கடமை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் கல்விச்சாலைகளின் படியேறிய பின்னரே நம் சமூகத்தின் பயணமும் சற்றுச் சீராயிற்று.

நாம் கற்கவேண்டியது

பழைய மாணவர் சந்திக்கும் இடங்களில், கல்விக் காலக் கதைகள் முடிந்தபின், பேச்சு மோட்டார் வண்டிக்குத் திரும்புதல் இயல்பு. எந்த டயர் நல்லது என்ற கேள்வி தவறாமல் எழும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்வர். டன்லொப்பின் முற்றத்தில் நின்று அக்கேள்வியைக் கேட்டால், எந்தப் பெயர் என்பதற்கு முன், எந்த வீதி, எந்தப் பாரம், யாருடைய உடல் என்பனவே கேள்விகளாகும். அவர் தம் மகனையும் பெல்பாஸ்ற் கல்லையும் பார்த்தே டயரை அமைத்தார்.

நம் வீதி எத்தகையது? கொழும்பிலிருந்து மாவனல்லை வரை வெப்பம்; கணவாயில் ஏற்றமும் வளைவும்; மேலே ஏறினால் குளிர்ச்சி. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிற் பிற்பகல் இடிமழை. டிசெம்பரின்பின் வடகீழ்ப் பருவக்காற்று. எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று விற்கப்படும் டயர் குளிர்நாடுகளில் இலேசான பனிக்கும் ஈடுகொடுப்பதற்காக அமைந்தது. சாதாரண டயரின் இறப்பர் ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழ் இறுகத் தொடங்குமாதலின், அங்கே அதற்கெனப் பிரத்தியேகக் கலவை வேண்டும். நம் நாட்டிலே பனிக்குறி பொறித்த டயருக்கு மிகைவிலை கொடுத்தல் வீண். நமக்கு எல்லாப் பருவமும் என்பது வெயிலும் மழையுமே. ஆதலால் ஈரமான வீதியிற் பற்றும் தன்மையையே முதலில் நோக்கவேண்டும்.

டயரின் முகத்திலுள்ள பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவையல்ல. வீதியில் நிற்கும் நீர் அவற்றின் வழியே விலகிச் செல்கின்றது. பள்ளம் தேய்ந்தால் நீர் விலக இடமின்றி, டயர் வீதியைத் தொடாமல் நீரின்மேல் மிதந்து செல்லும். அப்போது தடுப்பும் திருப்பும் பயனற்றவை. பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீற்றர் ஆழத்தைக் கடைசி எல்லையாகக் கொள்ளும். மழை நிறைந்த மலைவீதியில் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுதல் விவேகம். இரண்டு டயரை மட்டும் புதிதாக வாங்கின் அவற்றைப் பின்சக்கரங்களிற் பூட்டவேண்டும். வளைவிலே பின்பகுதி வழுக்கினால் வண்டியை மீட்பது அரிதாதலின்.

சொகுசை விரும்புவோர் டயரின் பக்கத்திலுள்ள எண்களை வாசிக்கப் பழகுதல் நன்று. 175/65 ஆர் 14 என்றிருப்பின், டயரின் அகலம் 175 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் 65 வீதம். பூட்டும் சக்கரத்தின் விட்டம் 14 அங்குலம். நடுவெண் குறையக் குறையப் பக்கச்சுவர் தாழும். தாழ்ந்த சுவர் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். வளைவிலே உறுதியும் தரும். ஆயின் காற்றுக்கு உள்ள இடம் குறைவதாற் குழியின் அடி நேரே உடலுக்கு ஏறும். அழகுக்காகத் தாழ்ந்த டயர் பூட்டிவிட்டு வீதியைக் குறைகூறுவோர் டன்லொப்பின் பாடத்தைத் தலைகீழாகப் படித்தவராவர். வண்டியைச் செய்தவர் குறித்த அளவை விட்டு விலகாதிருத்தலே நலம். பாரம் தாங்கும் எண்ணும் வேக எழுத்தும் அவ்வாறே. செய்த காலத்தைக் காட்டும் நான்கு இலக்கங்களில் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். தேயாத டயரும் வயதேறினால் வெடிக்கும் என்பதை நினைவிற் கொள்க.

இப்பாடத்தை இதனை எழுதுவோன் நூலிலிருந்து மட்டும் கற்கவில்லை. பல்லாண்டுகளுக்கு முன் விலை மலிவு என்று கண்டு இரண்டு பழைய டயர்களை வாங்கிப் பூட்டினேன். முகத்திற் பள்ளம் ஆழமாகவே இருந்தது, வயதைப் பார்க்கவில்லை. ஐப்பசி மழையில் ஒரு மாலைப்பொழுது, பிள்ளைகளைப் பின்னாசனத்தில் வைத்துக்கொண்டு கணவாயில் இறங்கிவரும்போது, ஒரு வளைவில் வண்டி என் கைக்கு அடங்காமற் பக்கமாக வழுக்கிற்று. மலைப்பக்கமாக வழுக்கியமையால் மட்காப்பு நசுங்கியதோடு தப்பினோம். மறுபக்கம் பள்ளத்தாக்கு. விற்றவரை நான் நோகவில்லை. கேட்கவேண்டியதைக் கேளாதவன் நானே. என் இளைய மகள் அன்று வீடு சேரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த மௌனத்தின்பின்னரே, மகன் சொன்ன ஒரு சிறு நோவைக் கேட்டு முற்றத்துக்குச் சென்ற தந்தையின் வரலாற்றை நான் தேடிப் படிக்கலானேன்.

இன்னொன்றுங் கூறவேண்டும். எத்துணை நல்ல டயரையும் காற்றே தாங்குகின்றது; இறப்பரும் துணியும் உருக்குக் கம்பியும் அக்காற்றைக் காக்கும் கூடே. காற்றுக் குறைந்த டயர் மென்மையாகத் தோன்றினும் பக்கச்சுவர் மடங்கி மடங்கி உள்ளே சூடேறும். நீண்ட ஓட்டத்தில் அது வெடிப்பில் முடியலாம். மிகுதியாக அடைத்தால் வண்டி துள்ளும். வீதியைத் தொடும் பரப்பும் குறையும். வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில், மாதம் ஒருமுறையேனும் காற்றை அளந்து பார்த்தல் வேண்டும். இதற்குச் செல்வம் வேண்டா; கவனம் ஒன்றே போதும்.

மாணவச் செல்வர்களே, டன்லொப்பின் வாழ்விலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. அவர் இயந்திரக் கல்வி கற்றவரல்லர். நாற்பத்தேழு வயது வரை சக்கரத்தைப் பற்றிச் சிந்தித்தவருமல்லர். அருகிலிருந்த ஒருவனின் துன்பத்தைச் சிறிதென்று தள்ளாமல், கையிலிருந்த இறப்பரையும் துணியையும் மரத்தையும் கொண்டு அதனைத் தீர்க்க முயன்றார். அவருக்கு முன்னரே தொம்சன் கண்டிருந்தார் என்பது அவர் முயற்சியின் பெருமையைக் குறைக்காது. செல்வம் பிறரைச் சேர்ந்தது என்பதும் அவ்வாறே. வட அயர்லாந்தின் வங்கித் தாளொன்றில் அவருடைய உருவம் பின்னாளிற் பொறிக்கப்பட்டது. அதனினும் மேலான நினைவு, பிலிமத்தலாவைச் சந்தியைக் கடந்து மழையிலும் வெயிலிலும் செல்லும் ஒவ்வொரு வண்டியின் கீழும் இருக்கின்றது.

ஜூபிலி விழாவுக்குக் குடும்பத்துடன் நெடுந்தூரத்திலிருந்து வரும் பழைய மாணவ நண்பர்கள், புறப்படுமுன் ஒருமுறை குனிந்து தங்கள் டயர்களைப் பார்ப்பாராக. எல்லாரும் இதமாக வந்து, கூடி மகிழ்ந்து, நலமாக வீடு சேர இறைவன் அருள்புரிவானாக.